மலிவு டயரா, மதிப்பு டயரா?



கோலார் தங்கவயலில் பிறந்தவன் தங்கத்தைப் பற்றி எழுதாமல் டயரைப் பற்றி எழுதுகிறானே என்று நீங்கள் வியக்கலாம். தங்கம் எங்களை விட்டுப் போய்விட்டது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. மறு ஆண்டு நான் பிறந்தேன். பூமிக்குள் இறங்கி உழைத்த தாத்தாவின் மகன், சொந்தமாக ஒரு லாரி வாங்கிச் சாலைக்கு வந்தார். அந்த லாரி போட்ட சோற்றில்தான் நான் இன்று முதுகலை வகுப்பில் பௌதிகம் படிக்கிறேன்.

கோலார் மண்டியில் தக்காளி ஏற்றி, முளுபாகல் வழியாகச் சென்னைக்குப் போவது அப்பாவின் தொழில். ஒருமுறை முன்சக்கரங்களுக்குப் புது டயர் தேவைப்பட்டது. என் கல்லூரிக் கட்டணமும் அதே மாதம் வந்து நின்றது. "இப்போதைக்கு இது போதும்" என்று விலை குறைந்த ஜோடியை மாட்டினார். சில மாதங்கள் சென்றன. ஒரு நண்பகலில், பாரத்தோடு போகையில் இடப்பக்க டயர் வெடித்தது. லாரி சாலையை விட்டு இறங்கி வயலில் நின்றது. அப்பா பிழைத்தார், தக்காளி பிழைக்கவில்லை. மிச்சம் பிடித்த பணத்தைப்போலப் பல மடங்கு ஒரே நாளில் போயிற்று.

குற்றம் டயருடையது மட்டுமா? அப்பாவே ஒப்புக்கொண்டார்: காற்று பார்த்து இருபது நாள் ஆகியிருந்தது, பாரமும் அளவுக்கு மேல்.

டயரின் முதற்பகை வெப்பம். சக்கரம் உருளும்போது டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. மடக்கும் ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிறது. காற்றுக் குறைந்தாலும் பாரம் மிகுந்தாலும் மடக்கம் கூடும், வெப்பமும் கூடும். ரப்பரோ வெப்பத்தை எளிதில் வெளியே கடத்தாது. உள்ளிருக்கும் நூலுக்கும் ரப்பருக்கும் உள்ள பிணைப்புத் தளர்கிறது, அடுக்குகள் பிரிகின்றன, பிறகு வெடிப்புத்தான்.

லாரிக்காரர்கள் 'நைலான்' என்று சொல்லும் பழைய வகை டயரில் நூல் அடுக்குகள் குறுக்கும் மறுக்குமாகச் செல்கின்றன. மடங்கும்போது ஒன்றோடொன்று உராய்கின்றன. ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகின்றன. தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுப் பட்டைகள் இருக்கின்றன. ஆகவே வெப்பம் குறைவு, தேய்மானம் குறைவு, டீசலும் மிச்சம். விலை மட்டும் கூடுதல்.

அந்தக் கூடுதலைக் கொடுக்கலாமா? கணக்குப் போடுவோம். விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. ஒரு டயர் 16,000 ரூபாய். 60,000 கிலோமீட்டர் ஓடுகிறது. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 27 காசு. மற்றொன்று 24,000 ரூபாய். 1,00,000 கிலோமீட்டர் ஓடுகிறது. கிலோமீட்டருக்கு 24 காசு. இரண்டாவதன் உடல் உறுதியாக இருந்தால், 7,000 ரூபாயில் ரீட்ரேடிங் செய்து, அதாவது தேய்ந்த மேற்புறத்துக்குப் புதிய ரப்பர் ஒட்டி, இன்னும் 60,000 கிலோமீட்டர் ஓட்டலாம். அப்போது 19 காசுதான்! வாங்கும் அன்று மலிவாய்த் தெரிந்தது ஓட்டத்தில் விலையுயர்ந்ததாகிவிட்டது.

அப்படியானால் மலிவு டயரே ஆகாதா? அப்படியும் இல்லை. கல்குவாரிக்குள் ஓடும் லாரியின் டயர் தேய்ந்து சாவதில்லை. கூர்ங்கல் கிழித்துச் சாகிறது. அங்கே நீண்ட ஆயுளுக்குக் கொடுத்த விலை வீண். பக்கச்சுவர் தடித்த நைலானே அங்குப் போதும். மாதத்தில் சில நாளே ஓடும் வண்டிக்கும் அப்படியே. நெடுஞ்சாலையில் நாள்தோறும் பாரம் சுமக்கும் வண்டிக்குத்தான் நல்ல டயர் தன் விலையைத் திருப்பித் தரும்.

இடமும் முக்கியம். பின்னால் இரட்டைச் சக்கரம். ஒன்று போனாலும் மற்றொன்று சற்று நேரம் தாங்கும். முன்னால் ஒற்றைச் சக்கரம். போனால் ஸ்டீயரிங்கும் கையை மீறும். ஆகவே சிறந்த ஜோடி முன்னால். ரீட்ரேடிங் செய்தது பின்னால். இரட்டையில் ஒன்று புதியது, ஒன்று மொட்டை என்று மாட்டக்கூடாது. உயரமானதே பாரத்தின் பெரும்பகுதியைச் சுமந்து சூடேறும். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். காற்றுப் பார்க்காதவனுக்கு எந்த விலை டயரும் துணையில்லை.

தாத்தா சொல்வார்: "கேஜ் தொங்கும் ரோப்பை மலிவு விலை பார்த்து வாங்குவாங்களாடா?" மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சுரங்கத்தில் மனித உயிர்கள் அந்த எஃகு வடத்தில்தான் தொங்கின. முன்சக்கர டயரும் அப்படித்தான்.

அப்பாவுக்கு இது தெரியாதா? தெரியும். அந்த மாதம் கையில் பணமில்லை, அவ்வளவே. கையில் காசில்லாதவனே இவ்வுலகில் எதற்கும் அதிக விலை கொடுக்கிறான்! நம்மில் பலர் லாரியும் டெம்போவும் ஓட்டுவோரின் பிள்ளைகள். விடுமுறையில் வீடு சென்றதும் அப்பாவின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்த டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று எழுதிவையுங்கள்; அடுத்த ஜோடிக்கு மாதந்தோறும் சிறு தொகை ஒதுக்கச் செய்யுங்கள். நாம் கற்ற கல்வி முதலில் நம் வீட்டுச் சக்கரத்தைக் காக்கட்டும்!