பாட்டு உங்களுது... கணக்கு யார்கிட்ட இருக்கு?

உத்திரமேரூர் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து பார்த்திருக்கிறீர்களா? ராத்திரி கட்டியங்காரன் வந்து நின்றால், விடிகிறவரை முகவீணையும் மிருதங்கமும் ஓயாது. முன்பெல்லாம் முன்வரிசையில் யாராவது ஒருவர் டேப் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருப்பார். இப்போது இருபது செல்போன்கள் நீளுகின்றன. கர்ணன் வேஷம் கட்டியவர் அரிதாரம் கலைப்பதற்குள், அவர் பாடியது யாரோ ஒருவரின் யூடியூப் சேனலில் ஏறிவிடுகிறது.

அந்த சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் இருந்தால் விளம்பரப் பணம் வரும். வருவது சேனல்காரருக்கு. விடிய விடிய தொண்டை கிழியப் பாடியவருக்கு? அக்கா பையன் போனில் காட்டினால்தான், தன் பாட்டு ஊரெல்லாம் ஓடுகிற விஷயமே தெரியும்.

கேசட் காலத்தில் 'என் பாட்டை யார் வெளியிடுவாங்க?' என்பதுதான் கவலை. இன்று வெளியிட யார் தயவும் வேண்டாம். கேள்வி மாறிவிட்டது: 'பாட்டு யார் பேர்ல இருக்கு? கணக்கு யார் எழுதுறாங்க?'

ஒரு பாட்டு, இரண்டு உரிமை

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வரிக்கும் மெட்டுக்கும் ஓர் உரிமை உண்டு. அதைப் பதிவு செய்த ஒலிக்கு இன்னோர் உரிமை உண்டு. இதைத்தான் 'மாஸ்டர்' என்கிறார்கள். பதிவுக்கு முன்கை எடுத்து, பொறுப்பேற்றுச் செய்தவரே மாஸ்டருக்குச் சொந்தக்காரர் என்கிறது நம் காப்புரிமைச் சட்டம். வழிவழியாக வரும் கூத்துப் பாட்டின் வரிக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால், அதை உங்கள் ஜமாவே செலவு செய்து பதிவு செய்தால், அந்த ஒலிப்பதிவு உங்களுடையது. அடுத்த 60 ஆண்டுகளுக்கு!

மூன்று வழிகள்

ஒன்று, நீங்களே வெளியிடுவது. டிஸ்ட்ரிபியூட்டர் எனப்படும் இணைய நிறுவனங்கள் உங்கள் பாட்டை ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்ற தளங்களில் சேர்த்துவிடும். டிஸ்ட்ரோகிட் வருடச் சந்தா வாங்குகிறது. ராயல்டியில் பங்கு கேட்பதில்லை. சிடி பேபி வருமானத்தில் 9 சதவிகிதம் எடுத்துக்கொள்கிறது. சந்தா முறையில் ஒரு சிக்கல்: கட்டுவதை நிறுத்தினால் பாட்டு தளத்திலிருந்து இறங்கிவிடலாம். இன்னொன்று, 12 மாதத்தில் 1,000 தடவைகூட ஒலிக்காத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் மாஸ்டர் ராயல்டி தருவதில்லை. சின்னக் கலைஞர் இதை மட்டுமே நம்பினால் அடுப்பு எரியாது.

இரண்டு, கேட்பவருக்கே நேரடியாக விற்பது. 2008-ல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளத்தில் விலையைக் கலைஞரே வைக்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு 15 சதவிகிதம். நூறு ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கினால், அது ஆயிரக்கணக்கான 'ஸ்ட்ரீம்'களை விடப் பெரிய தொகை. ஊர் மண்ணின் குரலுக்கு ஏங்கும் வெளிநாட்டுத் தமிழர்களை மனதில் வைத்துப் பாருங்கள்.

மூன்று, சிறிய லேபிளோடு பங்கு. 2003-ல் ஜான் பக்மேன் அமெரிக்காவில் தொடங்கிய மேக்னட்யூன் இதற்கு நல்ல முன்மாதிரி. விற்பனையில் பாதி கலைஞருக்கு. உரிமையும் கலைஞரிடமே. வேறு இடத்தில் விற்கவும் தடையில்லை.

ஆனால், 'பாதிக்குப் பாதி' என்ற வார்த்தையில் மயங்காதீர்கள். ஒரு பாட்டுக்கு 30,000 ரூபாய் வருகிறது, ஸ்டூடியோ செலவு 20,000 என்று வையுங்கள். மொத்த வரவில் பாதி என்றால் உங்களுக்கு 15,000. 'செலவு போக மீதியில் பாதி' என்றால் வெறும் 5,000. ஒரே ஒரு வார்த்தைதான், பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம்.

'எஞ்சாயி எஞ்சாமி' சொன்ன பாடம்

2021 மார்ச்சில் மாஜா வெளியிட்ட 'எஞ்சாயி எஞ்சாமி'யைக் கேட்காத தமிழர் உண்டா? சினிமாவைச் சாராத பாட்டு உலகம் சுற்றியது. மூன்று வருடம் கழித்து, 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ வெளியிட்டார். தனக்கோ, தீக்கோ, அறிவுக்கோ அந்தப் பாட்டிலிருந்து வருமானம் எதுவும் வரவில்லை என்றார். இதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை. ஆனா, அவ்வளவு பெரிய பெயர்களே பொதுவெளியில் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது என்றால், ஊர்ப் பாடகர் எவ்வளவு உஷாராக இருக்க வேண்டும்!

கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று கூச்சப்படுபவர்கள், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு ஒரு நடை போய் வாருங்கள். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் மறுபடி பொறுப்புக்கு வரக் கூடாது என்று எழுதியிருக்கிறது. எல்லோருக்குமான தேர்தல் இல்லை அது. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கானது. ஆனாலும், கணக்கு விஷயத்தில் கறார்!

கையெழுத்துக்கு முன்...

* எத்தனை வருடம், எந்தெந்த நாடுகள் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? எதுவும் எழுதவில்லை என்றால் 5 ஆண்டுகள், இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். 'என்றென்றும், உலகம் முழுவதும்' என்று இருந்தால் பேனாவை மூடிவையுங்கள்.

* புதுப் பாட்டு எழுதி மெட்டமைத்தவரா? 2012 சட்டத் திருத்தப்படி உங்கள் ராயல்டி பங்கை லேபிளுக்கு எழுதிக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. 1969-ல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ் அமைப்பில் உறுப்பினராகி வசூலிக்கலாம்.

* வரவு செலவுக் கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும்? யூடியூப் வருமானமும் அதில் அடக்கமா?

* ஜமாவுக்குள்ளேயும் எழுதி வையுங்கள். வாத்தியாருக்கு எவ்வளவு, முகவீணைக்காரருக்கு எவ்வளவு, பின்பாட்டுக்கு எவ்வளவு? பணம் வந்த பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

தாம்பூலம் மாற்றி ஆட்டம் பேசும்போதே, 'வீடியோ எடுத்தால் யார் சேனலில் போடுவது, வருமானத்தில் ஜமாவுக்கு என்ன பங்கு?' என்று அந்த நோட்டில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கோயில் தர்மகர்த்தாவும் ஒரு கையெழுத்துப் போடட்டும். இந்த சீசனில் இருந்தே ஆரம்பிக்கலாமே!