‘ஆர்கானிக்’ என்று ஒட்டினால் போதுமா?



தீபாவளிச் சாமான் வாங்க பிரிக்பீல்ட்ஸ் போய் வந்த நம் தோட்டத்து அம்மா ஒருவர், ஒரு பாக்கெட் கம்பு மாவைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “டிரஸரய்யா, இது ஆர்கானிக்காம். மக முழுகாம இருக்கா, அவளுக்குன்னு ரெட்டிப்பு விலை குடுத்து வாங்கினேன். நல்லதுதானே?” என்றார். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பச்சை எழுத்தில் ‘ஆர்கானிக்’, பக்கத்தில் ஓர் இலைப் படம். யார் விளைவித்தது, யார் சோதித்தது என்று ஒரு வரிகூட இல்லை.

மாவு கெட்டது என்று நான் சொல்லவில்லை. அவர் கூடுதலாகக் கொடுத்த காசுக்கு அத்தாட்சி இல்லை என்கிறேன்.

ஆர்கானிக் என்றால் செயற்கை உரம், செயற்கைப் பூச்சி மருந்து, களைக்கொல்லி போடாமல் விளைவித்தது. மருந்துப் பம்பு தூக்கிய நமக்கு இதன் அருமை தெரியும். பாராகுவாட் அடித்து நகம் கெட்டவர்கள், மூக்கில் ரத்தம் வடிந்தவர்கள் நம்மிடையே உண்டு. அது நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை. அதனால்தான் ‘ஆர்கானிக்’ என்றதும் நாம் சட்டென்று நம்பிவிடுகிறோம்.

ஆனால் சட்டம் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி, எம்.எஸ். 1529 என்ற மலேசியத் தரத்துக்கு ஒத்துவராத உணவுப் பொருளில் ‘ஆர்கானிக்’ என்று எழுதவே கூடாது. ஆகவே வாங்கும்போது இவற்றைப் பாருங்கள்:

1. உள்நாட்டுக் காய்கறி என்றால் விவசாய இலாகாவின் ‘மைஓர்கானிக்’ முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா?

2. ‘மைகேப்’ முத்திரை வேறு. அது நல்ல விவசாய முறைக்குக் கொடுப்பது. அதில் பூச்சி மருந்தை முறைப்படி அடிக்கலாம். நல்ல காய்தான், ஆனால் அதற்கு ஆர்கானிக் விலை கொடுக்காதீர்கள்.

3. இந்தியச் சாமானில் ‘இந்தியா ஆர்கானிக்’ முத்திரை தேடுங்கள். அமெரிக்கச் சாமானில் வட்டமான ‘யு.எஸ்.டி.ஏ. ஆர்கானிக்’ முத்திரை இருக்கும். ஐரோப்பிய முத்திரை, பச்சை நிறத்தில் 12 நட்சத்திரங்களால் ஆன இலை. அதோடு சோதித்த அமைப்பின் குறியீட்டு எண்ணும் இருக்கும். வெறும் இலைப் படம் முத்திரை ஆகாது.

4. ‘நேச்சுரல்’, ‘கம்போங்’, ‘பாரம்பரியம்’ என்ற சொற்கள் ஆர்கானிக்குக்கு அத்தாட்சி அல்ல.

5. பசார் மாலாமில் அட்டை எழுதி வைத்துக் குவியலாக விற்றால் சான்றிதழைக் கேளுங்கள். அதில் தோட்டத்தின் பெயர், பயிர், காலாவதித் தேதி மூன்றையும் பாருங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம், காசு நம்முடையது.

சந்தேகம் வந்தால் பாக்கெட்டையும் ரசீதையும் வீசிவிடாதீர்கள். அவற்றோடு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று. ஆர்கானிக் வாங்க முடியவில்லையே என்று எந்தத் தாயும் மனம் கலங்க வேண்டாம். சாதாரணக் காய் கீரையை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிச் சமைத்தாலே போதும், சோப்புப் போடக்கூடாது. விலைக்குப் பயந்து காய்கறியைக் குறைப்பதுதான் பெரிய கெடுதல்.

அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன்: “மாவைக் கூழ் காய்ச்சிக் குடுங்கம்மா. அடுத்த தடவை அந்தக் கூடுதல் காசுக்கு முட்டையும் கீரையும் வாங்குங்க. கிளினிக்கில குடுத்த இரும்புச் சத்து மாத்திரையை மக நாள் தவறாம சாப்பிடட்டும்.”