புள்ளிப் பட்டியல் சொல்லாதது

2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டின் பத்தாவது சுற்று. அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்காதிருந்த 16 வயது குகேஷ், உஸ்பெகிஸ்தானின் நோதிர்பெக் அப்துசத்தோரோவிடம் வெல்லும் நிலையில் இருந்து தோற்றார். முடிவில் உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. குகேஷ் இடம்பெற்ற இந்திய 'பி' அணிக்கு வெண்கலமே கிடைத்தது. அவரே 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வீழ்த்தி உலக சாம்பியன் ஆனார். அந்த டிசம்பரை நாம் கொண்டாடுகிறோம். அந்த ஆகஸ்டை எப்படிக் கடப்பது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை.

நான் வசிக்கும் தென்காசி போன்ற ஊர்களில் இந்தக் கேள்வி கூடுதல் கனம் கொண்டது. பெரிய தொடர்களில் ஆட வேண்டுமானால் மதுரைக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டும். நுழைவுக் கட்டணம், ரயில் பயணம், தங்கும் அறை, பெற்றோரில் ஒருவரின் விடுப்பு என ஒவ்வொன்றும் செலவு. எனவே, தொடர் சறுக்கினால் பிள்ளை ஆட்டத்தில் தோற்ற வருத்தத்தோடு, வீட்டுப் பணத்தை வீணாக்கிவிட்டோம் என்ற குற்ற உணர்வையும் சுமந்து திரும்புகிறது. அப்படி ஓரிரு தொடர்கள் கைகூடாததும், பத்தாம் வகுப்பைக் காரணம் காட்டிப் பலகையை மூடிவைத்த திறமையான சிறார்களை நான் அறிவேன்.

அவர்களை அச்சுறுத்துவது பெரும்பாலும் ரேட்டிங் என்னும் தரப்புள்ளி. அதன் கணக்கு புரிந்தால் பாதி அச்சம் விலகும். தன்னைவிட 200 புள்ளி குறைந்தவரோடு ஆடுபவர், சராசரியாக 100 ஆட்டங்களில் 76 புள்ளிகள் எடுப்பார் என்பது சர்வதேச சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் கணக்கு. அதாவது, ஒன்பது சுற்றுகளில் ஏறத்தாழ இரண்டு புள்ளிகளை இழப்பது அந்தக் கணக்கிலேயே எதிர்பார்க்கப்படுவதுதான். ஆனால், 2300 புள்ளிக்குக் கீழுள்ள 18 வயதுக்கு உட்பட்டோருக்கு ஏற்ற இறக்கத்தை நிர்ணயிக்கும் பெருக்குஎண் 40. ஆகவே, அத்தகைய எதிராளியிடம் ஒருமுறை தோற்றால் சுமார் 30 புள்ளிகள் போகும். வென்றால் சுமார் 10 புள்ளிகளே வரும். ஒரு தோல்வியை ஈடுகட்ட மூன்று வெற்றிகளுக்கும் மேல் தேவை. தரப்புள்ளி சரிந்தது என்பதாலேயே திறமை சரிந்துவிட்டது என்று பொருளல்ல.

குற்றாலத்தில் ஜூன் பிறந்தும் சாரல் தொடங்காத ஆண்டுகள் உண்டு. ஒரு வாரம் அருவி மெலிந்ததைக் கொண்டு இங்கே எவரும் சீசனை எடைபோடுவதில்லை. ஒற்றைத் தொடரை வைத்துப் பிள்ளையை எடைபோடுவதும் அப்படித்தான்.

தொடர் நடந்துகொண்டிருக்கும்போது செய்ய வேண்டியது ஒன்றே: அடுத்த ஆட்டத்துக்குப் புதிதாய் அமர்வது. 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் தொடரின் ஏழாவது சுற்றில், நேர நெருக்கடியில் அலிரெசா ஃபிரூஜாவிடம் குகேஷ் தோற்றார். மறுநாள் ஓய்வு. எட்டாவது சுற்றில் விதித் குஜ்ராத்தியை வென்றார். 14 சுற்றுகளில் 9 புள்ளிகளோடு முதலிடம் பிடித்தார். விஸ்வநாதன் ஆனந்தும் 2013 நவம்பரில் தம் சொந்த ஊரான சென்னையிலேயே கார்ல்சனிடம் உலகப் பட்டத்தை இழந்தார். நான்கே மாதங்களில் கேண்டிடேட்ஸ் தொடரில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் வென்று, மீண்டும் அதே கார்ல்சனுக்குச் சவாலாளர் ஆனார்.

தொடர் முடிந்த பிறகான பணி வேறு. அன்றிரவு ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம். உணவும் உறக்கமும் போதும். ஓரிரு நாள்கள் கழித்து, நகர்வுகளைக் குறித்த தாளை எடுத்துப் பலகையில் காய்களை வைத்து ஆடிப் பார்க்கட்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அப்போது தாம் நினைத்ததை எழுதட்டும். கணினியைத் திறப்பது அதற்குப் பின்னரே. சிறந்த நகர்வு எது என்பதைக் கணினி நொடியில் காட்டிவிடும். அது ஏன் கண்ணில் படவில்லை என்பதை ஆடியவர்தான் சொல்ல முடியும்.

அப்படிப் பார்த்தால் தோல்விகள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும்: தொடக்க ஆட்டம் தெரியாமை, கணக்கிடுவதில் பிழை, கடிகாரத்தைக் கையாளாமை. முதலாவதற்குப் படிப்பும், இரண்டாவதற்குப் புதிர்ப் பயிற்சியும், மூன்றாவதற்கு நேரக் கட்டுப்பாட்டோடு ஆடிப் பழகுவதும் மருந்து. 'மோசமாக ஆடினேன்' என்ற ஒற்றை வாக்கியத்துக்கு மருந்தே இல்லை.

இவையெல்லாம் வலியை நீக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. உலக சாம்பியனான பிறகும், 2025-இல் சமர்கண்டில் நடந்த கிராண்ட் சுவிஸ் தொடரில் குகேஷ் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் தோற்றார்; கோவாவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்றாவது சுற்றிலேயே வெளியேறினார். தோல்வி எல்லா உயரத்திலும் வரும். பெற்றோர் கவனிக்க வேண்டியது, அடுத்த தொடருக்குப் பெயர் கொடுக்கும் ஆசை பிள்ளையிடம் எஞ்சியிருக்கிறதா என்பதையே. இழந்த புள்ளிகளைப் பிறகு ஈட்டிக்கொள்ளலாம். வீட்டாரின் ஏமாற்றத்துக்கு அஞ்சி அந்த ஆசை அணைந்துவிட்டால், அதை மீட்டுத் தரும் கணக்கு எந்தக் கூட்டமைப்பிடமும் இல்லை.