கரையிலேயே முடிவாக வேண்டிய ஆழம்

1942 ஏப்ரல் 9ஆம் திகதி, யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் எச்.எம்.எஸ். ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 307 பேர் மாண்டார்கள். அதே நாளில், அதே கரையில் சற்று வடக்கே, பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் அடிவாங்கி அமிழ்ந்தது. இன்று இரண்டுமே சுழியோடிகள் தேடிப் போகும் இடங்கள். எண்ணெய்க் கப்பல் 24 மீற்றரளவில் கிடக்கிறது. ஹேர்மிஸ் கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே.

ஸ்கூபா பழகி முதல் சான்றிதழ் எடுத்தவருக்கு இந்த இரண்டு பெயர்களும் ஆசை காட்டும். அந்தச் சான்றிதழ் என்ன சொல்கிறது? பி.ஏ.டி.ஐ. என்ற பயிற்சி அமைப்பின் முறையில் தொடக்கநிலைச் சுழியோடிக்கு 18 மீற்றர். அடுத்த நிலைக்கு 30. பொழுதுபோக்குக்காக இறங்குபவர் எவரானாலும் கடைசி எல்லை 40. ஆகவே எண்ணெய்க் கப்பலுக்கே அவர் இன்னும் ஒரு படி பயில வேண்டும். ஹேர்மிஸ் தொழில்நுட்பச் சுழியோடிகளின் வேலை; அதற்கு வேறு பயிற்சி, வேறு வாயுக் கலவை, வேறு திட்டம் வேண்டும்.

இதுவரை சிக்கலில்லை. சிக்கல் அந்த 18 என்ற எண்ணில்தான் தொடங்குகிறது. பயிற்சி பெற்றதைப் போன்ற கடல்நிலையில், உடலும் மனமும் சரியாக இருக்கும் நாளில், தாண்டக்கூடாத கோடு அது. புதியவர்கள் பலரோ அதைத் தொட்டே தீரவேண்டிய இலக்காக எடுத்துக்கொள்கிறார்கள். கலங்கிய நீர், பக்கவாட்டில் இழுக்கும் நீரோட்டம், பழக்கமில்லாத வாடகை உடை, முதல்நாள் சரியாகத் தூங்காத உடம்பு: இவற்றில் ஒன்று சேர்ந்தாலே அன்றைய எல்லை 12 ஆகலாம், 8 ஆகலாம், சில நாட்களில் படகுத்தட்டாகவும் இருக்கலாம். இதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று நினைப்பவர்கள் ஆழம் உடலுக்குள் செய்யும் வேலையை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும்.

கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அளவு அமுக்கம் கூடுகிறது. மேற்பரப்பில் ஒன்று, 10 மீற்றரில் இரண்டு, 30 மீற்றரில் நான்கு. வாயில் கவ்வி மூச்சிழுக்கும் ரெகுலேற்றர் சுற்றியுள்ள நீரின் அமுக்கத்துக்குச் சமமாகவே காற்றைத் தருவதால், 30 மீற்றரில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் சிலிண்டரிலிருந்து மேற்பரப்பின் நான்கு மூச்சுக்கான காற்றை எடுக்கிறது. வாடகைக்குப் பரவலாகக் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 11 லீற்றர். 200 பாரில் நிரப்பினால் 2,200 லீற்றர் காற்று. அவசரத்துக்கென 50 பாரை ஒதுக்கினால் மிஞ்சுவது 1,650 லீற்றர். அமைதியாக இருக்கும் ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்சு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 மீற்றரில் அவருக்கு 40 நிமிடங்கள் இருக்கின்றன. 18 மீற்றரில் அரை மணிக்கும் சற்றுக் குறைவு. 30 மீற்றரில் 20 நிமிடங்கள்.

அவர் பதற்றப்பட்டால் மூச்சின் வேகம் இரட்டிப்பாவது சாதாரணம். அப்போது 30 மீற்றரில் 10 நிமிடங்கள்தான். மேலே வருவதற்கான நேரமும் அதற்குள்ளேயே அடங்கவேண்டும்.

பதற்றம் காற்றை மட்டும் தின்பதில்லை. ஆழத்தில் காற்று அடர்த்தியாகிறது; அதை இழுத்துவிடவே நெஞ்சுத் தசைகள் கூடுதலாக உழைக்கின்றன. பயந்தவர் விடும் மூச்சு வேகமானது, மேலோட்டமானது. அப்படி மூச்சுவிடும்போது பழைய காற்றே தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் மேலும் கீழும் போய்வருகிறது. உடலில் காபனீரொட்சைட்டு தேங்குகிறது. காபனீரொட்சைட்டு கூடினால் மூளை ‘இன்னும் வேகமாக மூச்சு விடு’ என்று கட்டளையிடும். சிலிண்டரில் பாதிக்கு மேல் காற்றிருக்கும்; ஆனாலும் அவருக்கு மூச்சு முட்டும். வாயிலிருக்கும் ரெகுலேற்றரைப் பிடுங்கி எறியத் தோன்றும் கணம் அதுதான். தொடக்கத்திலேயே நின்று, எதையாவது பற்றிக்கொண்டு, மூச்சை நீளமாக வெளியே விட்டு, சில மீற்றர் மேலே வந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்தத் தொடக்கத்தைக் கண்டுகொள்ளத்தான் தன் வசதியின் எல்லை எது என்று ஒருவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

கண்டுகொள்ளும் அறிவையும் ஆழம் மெல்ல எடுத்துவிடுகிறது. அமுக்கத்தில் நைதரசன் மயக்க மருந்துபோல வேலை செய்வதை 1935இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் அல்பேட் பெங்கே விளக்கினார். 30 மீற்றரை நெருங்கும்போது பலருக்கு அது தெரியத் தொடங்கும்: அமுக்கமானியைப் பார்ப்பார்கள், எண் மனதில் பதியாது, சின்னக் கூட்டல் கணக்கு இழுபடும், காரணமில்லாத குதூகலம் வரும், சிலருக்குக் காரணமில்லாத பயம். காபனீரொட்சைட்டு தேங்கியிருந்தால் மயக்கம் இன்னும் கூடும். 1947இல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவின் குழுவைச் சேர்ந்த மொரிஸ் ஃபார்க் காற்றுச் சிலிண்டருடன் எவ்வளவு ஆழம் போகலாம் என்று சோதிக்க இறங்கினார். கயிற்றில் ஆழத்துக்கொன்றாகப் பலகைகள் கட்டியிருந்தார்கள். எட்டிய பலகையில் கையெழுத்திட வேண்டும். சுமார் 120 மீற்றரில் கட்டிய பலகையிலும் அவருடைய எழுத்து இருந்தது. அவர் உயிரோடு திரும்பவில்லை. அக்காலத்தில் உலகிலேயே தேர்ந்த சுழியோடிகளில் ஒருவர் அவர். ஆழத்தில் இருந்துகொண்டு ‘இதற்குமேல் போகலாமா?’ என்று யோசிப்பது, மயக்கம் ஏறிய மூளையிடமே ஆலோசனை கேட்பதாகும். அதனால்தான் அந்த முடிவைக் கரையிலேயே எடுக்கவேண்டும் என்கிறேன்.

ஆழம் குறைந்தால் ஆபத்தே இல்லை என்றும் எண்ணவேண்டாம். காற்றின் கனவளவு மிக வேகமாக மாறுவது முதல் 10 மீற்றரில்தான். அங்கே அது பாதியாகச் சுருங்குகிறது. 30இலிருந்து 40 மீற்றருக்குப் போகும்போது கால்பங்கு ஐந்திலொரு பங்காவது மட்டுமே. காது வலிப்பதும் பெரும்பாலும் இந்த முதல் சில மீற்றரில். மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதியும் காது திறக்காவிட்டால் ஒரு மீற்றர் மேலே வந்து மறுபடி முயலவேண்டும்; அப்போதும் திறக்காவிட்டால் அன்றைய சுழியோடல் முடிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வருவது அதைவிடக் கொடியது. ஒரு மீற்றருக்குச் சற்றே அதிகமான ஆழத்திலிருந்து அப்படி வந்தாலும் விரியும் காற்று நுரையீரலைக் கிழிக்கக்கூடும்.

ஆழம் குறைவதால் கிடைப்பது நேரம். பி.ஏ.டி.ஐ. அட்டவணைப்படி, உடலில் கரையும் நைதரசனை வெளியேற்றும் இடைநிறுத்தங்கள் கட்டாயமில்லாமல் மேலே வரக்கூடிய நேரம் 10 மீற்றரில் 219 நிமிடங்கள், 18இல் 56, 30இல் 20, 40இல் 9. பத்து மீற்றரில் நிற்பவருக்குக் காற்று முடியும்வரை நைதரசன் பெரிய கவலையாக இராது. வெளிச்சமும் அங்கேதான். நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. இருபது மீற்றரில் பவளமும் மீனும் பெரும்பாலும் நீலச் சாம்பலாகவே தெரியும். நிலாவெளிக்கு எதிரே புறாமலையின் பவளப்பாறைகள் ஆழமற்ற நீரில்தான் இருக்கின்றன. மிதப்பைச் சமன்செய்யவும் மூச்சைச் சீராக்கவும் புதியவருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிழக்கில் எனக்குத் தெரியாது.

இவ்வளவு தெரிந்தும் ஏன் இறங்கிவிடுகிறார்கள்? வெட்கம். படகுக்குக் காசு கட்டியாயிற்று, கூட வந்தவர்கள் தயாராக நிற்கிறார்கள், தன்னால் எல்லோருடைய பயணமும் கெட்டுவிடும் என்ற நினைப்பு. குகைக்குள் சுழியோடுபவர்களிடம் இதற்கு ஒரு விதி உண்டு: எவரும், எந்த நேரத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் சுழியோடலை நிறுத்தலாம், காரணம் கேட்கக் கூடாது. கட்டைவிரலை மேலே காட்டினால் எல்லோரும் மேலே போகவேண்டும். அதேபோல, சேர்ந்து இறங்குபவர்களில் யாருடைய எல்லை மிகக் குறைவோ, அதுவே அத்தனை பேருக்கும் எல்லை.

படகில் நடக்கவேண்டிய பேச்சு மிகச் சிறியது. “அண்ணை, இண்டைக்கு நான் பத்து மீற்றரோட நிக்கிறன்.” “சரி தங்கச்சி. அப்ப எல்லாரும் பத்தோட நிப்பம்.” இந்தப் பதிலைச் சொல்லத் தயங்கும் வழிகாட்டியுடன் இறங்கவேண்டாம், வேறு படகு தேடுங்கள்.

கிழக்குக் கடல் ஏப்ரலிலிருந்து செப்ரெம்பர் வரை தெளிந்திருக்கும். இந்தப் பருவத்தில் முதல்முறை வருபவர்கள், சிலிண்டரைத் தோளில் ஏற்றும் முன் உங்கள் அன்றைய ஆழத்தை எண்ணாகவே சொல்லிவிடுங்கள். நீருக்குள் போனபின் அந்த எண்ணைக் குறைக்கலாம், கூட்டாதீர்கள்.