கொலுப் பெட்டி மூட மறுக்கிறதா?

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்தாயிற்று. மறுநாள் காலை படி கலைகிறது. பழைய வேட்டித் துண்டு, செய்தித்தாள், அட்டைப்பெட்டி எல்லாம் கூடத்தில் பரவிக் கிடக்க, போன வருடம் மூடிய அதே பெட்டி இந்த வருடம் மூட மறுக்கிறது.

‘வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது வாங்கணும்’ என்ற வழக்கத்தின் கணக்கு அப்போதுதான் உறைக்கும். கல்யாணமான வருடம் 30 பொம்மையோடு கொலுவைத் தொடங்கிய வீட்டில், ஆண்டுக்கு இரண்டே இரண்டு வாங்கினால்கூட 25 வருடத்தில் 80 ஆகிவிடும். அம்மா கொடுத்தனுப்பியது, மாமியார் விட்டுப்போனது, தாம்பூலத்தோடு வந்தது எல்லாம் தனி. வீடோ ஓட்டு வீட்டிலிருந்து அடுக்குமாடிக்கு மாறியிருக்கும், பரண் போயிருக்கும். எத்தனை பொம்மைகளை வைத்துக்கொள்வது, எத்தனையை விட்டுக்கொடுப்பது?

புதுக்கோட்டைக்காரர்களுக்கு நவராத்திரி வெறும் வீட்டு விசேஷம் இல்லை. 1738-ல் தொண்டைமான் மன்னர் விஜய ரகுநாதராயர், திருவரங்குளம் காட்டில் சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்தார் என்பது இந்த ஊர் வரலாறு. மௌன விரதத்தில் இருந்த அவர் மணலில் மந்திரத்தை எழுதிக் காட்ட, மன்னர் அந்த மணலை அரண்மனைக்குக் கொண்டுவந்து பூஜையில் வைத்தார் என்பார்கள். தசரா விழா சமஸ்தானத்தின் பெரிய விழாவானது அப்படித்தான். அந்த நாட்களில் அரிசியோடு சேர்த்து வழங்கப்பட்டதுதான் அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’. விரல் நுனியில் அடங்கும் செப்புக்காசு. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகும், அதைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. கொடுப்பதற்கென்றே அடிக்கப்பட்ட காசு, இன்று யாரும் கொடுக்க மனம் வராத பொருளாகிவிட்டது!

பொம்மைக்கும் இதே கதைதான். வாங்கும்போது வெறும் பொம்மை. பத்து வருடம் படியேறி இறங்கிய பிறகு அது ‘அப்பா பண்ருட்டியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது’. அதை எப்படி எண்ணிக்கையில் சேர்ப்பது?

இதே சங்கடத்தில் மாட்டிக்கொண்ட இன்னொரு கூட்டம் கடல் தாண்டி இருக்கிறது. பழைய போர்களை, குறிப்பாக ஆங்கிலேயர் காலனிக் காலச் சண்டைகளை, குட்டிச் சிப்பாய் பொம்மைகளை வைத்து மேசைமேல் விளையாடுகிறவர்கள். ஒரு பொம்மையின் உயரம் சுமார் 28 மில்லிமீட்டர், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக வண்ணம் தீட்டுவார்கள். நாவலாசிரியர் எச்.ஜி.வெல்ஸ் 1913-லேயே இதற்கு ‘லிட்டில் வார்ஸ்’ என்று ஒரு விதிப்புத்தகம் எழுதினார். அவர்களும் வாங்கிக் குவிப்பவர்கள்தான். வண்ணம் தீட்ட நேரமில்லாமல் அலமாரியில் கிடக்கும் பொம்மைகளுக்கு ‘ஈய மலை’ என்று அவர்களே கேலிப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பரண், அவர்கள் வீட்டு ஈய மலை.

ஆனால் அவர்களிடம் ஒரு நல்ல வழி இருக்கிறது. நிஜப் படையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பார்ப்பதில்லை. மேசை எவ்வளவு பெரியது என்றுதான் பார்க்கிறார்கள். 1979-ல் அமெரிக்கரான லாரி பிராம் வெளியிட்ட காலனிக் காலப் போர் விளையாட்டு விதிகளில், ஒரு காலாட்படைப் பிரிவுக்கு 20 பொம்மைகள். அவ்வளவுதான். மேசையில் எத்தனை பிரிவு நகர இடமுண்டோ அத்தனை பிரிவு போதும். மீதியெல்லாம் ஆசை.

இதைக் கொலுப்படிக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஐந்து படி, ஒவ்வொன்றும் நாலடி அகலம். ஆறங்குல பொம்மை ஒன்று மூச்சுவிட எட்டங்குலம் வேண்டும். படிக்கு ஆறு, மொத்தம் 30. முன்னால் குட்டி பொம்மைகளைச் செருகினால் 45 வரை போகலாம். அதற்கு மேல் வைத்தால் பின்னால் நிற்பவர் யாருக்கும் தெரியமாட்டார். வருடத்துக்கு ஒரு கதை, இந்த வருடம் ராமாயணம், அடுத்த வருடம் கிருஷ்ண லீலை என்று மாற்றி வைக்கிறவர்கள் இதைப்போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளலாம். 90-ஐத் தாண்டிய பெட்டியில் கொஞ்சம் பேராவது பல வருடமாக வெளிச்சமே பார்க்காதவர்களாக இருப்பார்கள்.

எண்ணும்போது பொம்மையை எண்ணாமல் செட்டை எண்ணுவது நல்லது. தசாவதாரம் என்றால் பத்தும் வேண்டும். கல்யாண செட்டில் நாதஸ்வரக்காரரை மட்டும் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. பேண்டு வாத்தியக் குழுவும் போலீஸ் அணிவகுப்பும் அப்படித்தான். அதேசமயம், எட்டு பேரில் மூன்று பேர் மட்டும் மிஞ்சிய செட்டை, ‘எப்போதாவது ஜோடி கிடைக்கும்’ என்று வருடக்கணக்கில் சுமப்பதில் அர்த்தமில்லை. பழைய அச்சில் செய்த பொம்மைக்கு ஜோடி கிடைப்பது குதிரைக்கொம்பு.

குதிரை என்றதும் ஒரு இடம் நினைவுக்கு வருகிறது. புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில் நமணசமுத்திரம். அங்கே அய்யனார் கோயில் பாதையின் இருபுறமும் சுடுமண் குதிரைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. நேர்த்திக்கடனாக வந்தவை. பிடிமண் கொடுத்து, வேளார் கையால் செய்வித்து, புரவி எடுப்பு நாளில் ஊர்கூடிச் சுமந்துவந்து நிறுத்துவது இந்தப் பக்கத்து வழக்கம். புதுக் குதிரை வருகிறது என்பதற்காகப் பழையதை யாரும் அகற்றுவதில்லை. காது உடைந்தது, கால் சரிந்தது, உடல் பிளந்து புல் முளைத்தது எல்லாம் அப்படியே நிற்கும். மழையும் வெயிலும் மெல்ல மண்ணாக்கிவிடும். அய்யனாரின் படைக்கு எண்ணிக்கை பார்க்கிறவர் யாருமில்லை. ஆனால் அவருக்கு இரண்டு படுக்கையறை வீடும் இல்லையே!

வீட்டில் முடிவை நாம்தான் எடுக்க வேண்டும். பின்னமான சாமி பொம்மையைப் படியில் வைக்கும் வழக்கமில்லை. விரலோ கிரீட முனையோ உதிர்ந்தால் ஒட்டி வண்ணம் தொட்டுவிடலாம். தலையே போனால் விடைகொடுக்க வேண்டியதுதான். வண்ணம் பூசாத பச்சை மண் பொம்மை தண்ணீரில் கரையும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரையாது, அதைக் குளத்தில் போடாதீர்கள். தலைமுறை கடந்த மண் பொம்மை நிறம் மங்கிவிட்டதென்று புது பெயின்ட் அடிப்பதும் வேண்டாம். அந்தக் கண் எழுத்து திரும்ப வராது. ஈரத்துணியும் கூடாது, மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும்.

இடம் இல்லை என்பவர்கள் மண்ணைவிட எடை குறைந்த காகிதக்கூழ் பொம்மையை வாங்குகிறார்கள். தூக்க வசதிதான். பூச்சிக்கும் ஈரத்துக்கும் பயந்தே வைத்திருக்க வேண்டும்.

பிள்ளைகளின் பங்கு படிக்குப் பக்கத்தில் போடும் ‘பார்க்’கில். கேழ்வரகு முளைக்கவிட்டுப் புல்வெளி, தட்டில் குளம். இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு 1687-ல் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அட்டையில் மதில் வெட்டி, மேலே ஒரு பீரங்கியை ஏற்றினால் கோட்டை தயார். ‘நூறு சிப்பாய் வேணும்’ என்று கேட்டால் 20 வாங்கிக் கொடுங்கள். விளையாட்டில் ஒரு சிப்பாய் இருபது பேருக்குச் சமம் என்று சொன்னால் பிள்ளைகள் உடனே ஒப்புக்கொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் நம்பிக்கை வராது.

கடினமான பகுதி, யாருக்குக் கொடுப்பது என்பது. அம்மா இருக்கும்போதே கேட்டுவிடுவது உத்தமம். அம்மாவுக்குப் பிறகு, நகையைச் சமமாகப் பிரித்துக்கொண்ட பிள்ளைகள்கூட ஒரு செட்டியார் பொம்மைக்காகப் பேச்சை நிறுத்திக்கொள்ள முடியும். முதல் கொலு வைக்கப்போகும் புதுமணப்பெண், ஒன்பது நாளும் கொலு வைக்கும் பள்ளிக்கூடம், கோயில் என்று கேட்டு வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கும் பொம்மையின் அடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, வாங்கிய ஊரும் வருடமும் வாங்கியவர் பெயரும் எழுதிக் கொடுங்கள். வைத்துக்கொள்ளும் பொம்மைக்கும் அதையே செய்யுங்கள். இதற்குச் சரியான நாள் படி கலைக்கும் நாள்தான். ஒவ்வொரு பொம்மையும் அன்றைக்கு எப்படியும் கைக்கு வரும். பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டால் பேச்சு அடுத்த புரட்டாசிக்குத்தான்.

மரப்பாச்சி ஜோடி மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது யாருக்கு என்று அநேகமாக முன்பே முடிவாகியிருக்கும்.