பாதிப் பரிசைப் பங்கிட்ட ஆசிரியர்

மராட்டிய மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தில் பரிதேவாடி என்று ஒரு சிற்றூர். அங்குள்ள மாவட்ட ஊராட்சித் தொடக்கப் பள்ளிக்கு 2009-ல் ஆசிரியராக வந்தார், ரஞ்சித்சிங் திசாலே.

பள்ளிக் கட்டிடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுத் தொழுவம்! பெண் பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வருவதில்லை.

ஆசிரியர் சளைக்கவில்லை. பாடப் புத்தகத்தில் 'கியூ.ஆர்.' குறியீட்டை அச்சிட்டார். அதில் செல்போனைக் காட்டினால் பாட்டு கேட்கும். பாடம் படமாக ஓடும்! பிறகு மாநிலப் பாடப் புத்தகங்களிலும் இந்த முறை வந்தது.

2020-ல் உலகின் சிறந்த ஆசிரியர் பரிசு அவரைத் தேடி வந்தது. "பெண் பிள்ளைகள் அனைவரும் பள்ளிக்கு வருகிறார்கள், சிறு வயதுக் கல்யாணமும் நின்றது" என்று பரிசு கொடுத்தவர்கள் பாராட்டினார்கள்.

பரிசுத் தொகை 10 லட்சம் டாலர். அதில் பாதியை, இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற 9 ஆசிரியர்களுக்கும் பங்கிடுவதாக அறிவித்தார் அவர்.

வென்றவர் ஒருவர். பரிசோ 10 பேருக்கு!