கண்புரைக்கு வயது மட்டுமா காரணம்?

வயதானால் புரை விழும், முற்றினால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான். அவர்களுக்கு வரும் புரையில் ரத்தச் சர்க்கரைக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

கண்ணின் லென்ஸ் கிரிஸ்டலின் என்னும் புரதங்களால் நிறைந்தது. உடலின் பெரும்பாலான புரதங்கள் சிதைந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். லென்ஸின் மையத்தில் உள்ளவையோ கருவிலேயே உருவாகி, ஆயுள் முழுதும் அப்படியே இருப்பவை. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் லென்ஸுக்குள்ளும் குளுக்கோஸ் கூடுகிறது. எந்த நொதியின் துணையுமின்றி அது புரதத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் மையார் 1912இல் விவரித்த இந்த வினைதான் கல்லில் தோசை சிவப்பதற்கும் காரணம். அடுப்புச் சூட்டில் நிமிடங்களில் முடிவது உடல் சூட்டில் பல ஆண்டுகள் எடுக்கிறது. சர்க்கரை ஒட்டிய புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, பழுப்பேறி, திரண்டு, ஒளியைச் சிதறடிக்கின்றன.

சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கும் புரை வருகிறதே என்று கேட்கலாம். வயது, புகைப்பழக்கம், வெயிலின் புற ஊதாக் கதிர், ஸ்டீராய்டு மருந்து எல்லாமே காரணங்கள்தான். புரதத்தில் சர்க்கரை ஒட்டுவதும் எல்லோருக்கும் மெதுவாக நடக்கிறது. சர்க்கரை நோய் அதை முடுக்கிவிடுகிறது. லென்ஸில் குளுக்கோஸ் சார்பிட்டாலாக மாறித் தேங்குவதே முக்கியக் காரணம் என்பாரும் உண்டு. அப்படியே ஆனாலும் மூலம் மிகுதியான குளுக்கோஸ்தான். பிரிட்டனின் யுகேபிடிஎஸ் என்ற சர்க்கரை நோய் ஆய்வு 2000இல் வெளியிட்ட பகுப்பாய்வில், ரத்தச் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 1 சதவீதப் புள்ளி குறைந்திருந்தபோது புரை அறுவைசிகிச்சை 19% குறைவாக இருந்தது. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, தனித்து நிரூபணமாகாது; வேதிவினையோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் வலுப்பெறுகிறது. ஹெச்பிஏ1சி பரிசோதனை அளப்பதும் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையைத்தான். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாளில் மடிந்து புதியது வந்துவிடும். லென்ஸின் புரதத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆபரேஷன் எளிதாகிவிட்ட காலத்தில் இந்தக் கவலை எதற்கு என்பாருக்கும் பதில் உண்டு. ஆபரேஷன் மங்கிய லென்ஸை மாற்றும். சர்க்கரையால் கெட்ட விழித்திரையைச் சரிசெய்யாது. எனவே சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உணவிலும் கவனம் வேண்டும். தருமபுரியில் 2023இல் ரேஷன் கடை வழியே அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கியது நல்ல முயற்சி. ஆனால் கேழ்வரகின் மாவுச்சத்தும் குளுக்கோஸாகவே மாறும். களி என்றாலும் அளவு வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை தருபவர், ‘கண்ணைக் காட்டி ஓராண்டு ஆகிவிட்டதா?’ என்றும் தவறாமல் கேட்கட்டும். பார்வை மங்கும்வரை காத்திருக்காமல் கண்ணைக் காக்க அதுவே தொடக்கம்.